தீவிலிருந்து வந்த தலையணை

அத்தியாயம் 5

படகோட்டி வாயைத் திறப்பதாக இல்லை.

துறைமுகக் காவல் நிலையத்தின் பின்னறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே கம்பி போட்ட சின்ன ஜன்னல். மற்ற நாட்களில் அதன் வழியே கடலின் இரைச்சல் வரும். இன்று தெருவின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. கயிற்றுத் தெரு மொத்தமும் வாசலில் திரண்டிருந்தது. "நோயக் கொண்டு வந்தவன எங்ககிட்ட விடுங்க!" என்று ஒரு குரல். ஓட்டுக் கூரையில் ஒரு கல் விழுந்து உருண்டது.

ஆய்வாளர் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். நோய் எந்த வழியாக ஊருக்குள் நுழைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் துறைமுகச் சுகாதாரப் பிரிவில் அவள் வேலை. திருடனைப் பிடிப்பதை விடக் கஷ்டமான வேலை. திருடனுக்காவது முகம் இருக்கும்.

"மாலைக் கப்பல்ல உன்னை ஏத்தி அனுப்பப் போறாங்க, தெரியுமில்ல?" என்றாள். "அப்புறம் நீ போய்ச் சேர்ற ஊர் சிறையில உன்னை யாரும் கேள்வி கூடக் கேக்க மாட்டாங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கதவில் சாய்ந்து நின்ற அவளுடைய உதவியாளன் தொண்டையைச் செருமினான். காலி டப்பாவைப் போல ஓயாமல் சத்தம் போடுவான் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குத் தகரம் என்று பெயர். படகோட்டி அவனுடைய தங்கையின் கணவன்.

"மச்சான், வாயப் பூட்டி சாவியக் கடல்ல போட்டுட்டியா? எந்த இடம்னு சொல்லு, நான் முங்கியாவது எடுத்துட்டு வரேன்."

படகோட்டி முதல் முறையாக நிமிர்ந்தான். "குழந்தையப் பாத்தியா?"

"நேத்தே பாத்தேன். அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்குது."

படகோட்டியின் உதடு லேசாக விரிந்து அப்படியே நின்றுவிட்டது. அவனைப் பிடித்த மறுநாள் காலையில்தான் குழந்தை பிறந்தது. அவன் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். பெரியம்மை கண்ட ஒரு கப்பல் வந்தது. பயணிகளை ஊருக்குள் விடாமல் எதிரே இருக்கும் தடுப்புத் தீவில் இறக்கினார்கள். நோய் அடங்கும் வரை அங்கேயே வைத்திருந்தார்கள். அவர்களுடைய துணிமணி, படுக்கை எல்லாவற்றையும் ஆவியில் அவித்து, அவித்ததற்கு அடையாளமாக ஒரு தகர வில்லை கட்டிய பிறகுதான் வெளியே எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று ஊர் மூச்சு விட்டபோது, கயிற்றுத் தெருவில் மெத்தை தைப்பவர் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு விழுந்தார். அவர் தீவின் பக்கமே போனதில்லை. அப்படியானால் தீவிலிருந்து ஏதோ ஒன்று, அல்லது யாரோ ஒருவர், தண்ணீரைத் தாண்டி அவரிடம் வந்திருக்க வேண்டும். தீவு டாக்டரின் விசைப்படகை விட்டால், தீவுக்கும் கரைக்கும் போய்வருவது இவனுடைய படகு ஒன்றுதான்.

"போன மாசம் ஒரு சாயங்காலம் நீ மெத்தைக்காரர் கடைக்கு ஒரு மூட்டை தூக்கிட்டுப் போனதப் பாத்தவங்க இருக்காங்க," என்றாள். "தீவோட பெரிய டாக்டர் அது மூட்டையே இல்லைங்கறாரு. சாக்கு போத்தின ஒரு பயணின்னு சொல்றாரு. ஊர் பூரா அந்தப் பயணியத் தேடறாங்க."

"ஆள் இல்ல மேடம்." அவன் குரல் கம்மியிருந்தது. "வில்லை கட்டின சாமான். அவிச்சு எடுத்தது. அதுனால யாருக்கும் எதுவும் வராது."

"யாரு குடுத்தாங்க?"

மறுபடியும் சுவரைப் பார்த்தான்.

அவள் அந்த மௌனத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறவனின் மௌனத்தில் ஒரு பரபரப்பு இருக்கும். கண் கதவுக்கும் ஜன்னலுக்கும் அலையும். இதில் அது இல்லை. இவன் வேறு யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

எழுந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டியதும், பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"மேடம், அது போலீஸ் பூட்டு," என்றான் தகரம்.

"பூட்டுன்னா இழுத்துப் பாத்தாதான் எனக்கு நிம்மதி."

சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். பூட்டியாயிற்று என்று யாராவது சொன்னால் அவர்கள் தூங்கிவிடுவார்கள். அவளுக்கு மட்டும் தூக்கம் வராது. நம்புவதும் ஒரு திறமை என்றும், அது தனக்கு வாய்க்கவில்லை என்றும் அவள் வெகுகாலம் வருத்தப்பட்டதுண்டு.

*

மெத்தைக்காரரின் கடையை இன்னும் கந்தகப் புகை போட்டு மூடவில்லை. காவலுக்கு நின்றவன் பத்தடி தள்ளி நின்று சாவியை எறிந்தான்.

"பிடிச்சுக்கறேன் தம்பி," என்றான் தகரம். "நோய எறியாம சாவிய மட்டும் எறிஞ்சதுக்கு நன்றி."

உள்ளே பஞ்சு அடிக்கும் வில் கூரையிலிருந்து தொங்கியது. சுவர், அலமாரி, கூரை உத்தரம் எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி மெல்லிய பனி மாதிரி படிந்திருந்தது. தீவில் வேலை செய்கிறவர்களைப் போல அவர்கள் இருவரும் அம்மை குத்திக்கொண்டவர்கள்தான். இருந்தாலும் தகரம் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டான்.

"இந்தக் கடை எனக்குப் பழக்கம் மேடம். போன மாசம் கூட வந்தேன். மனுஷன் பேச ஆரம்பிச்சா நானே வாயப் பொத்திக்கணும், பாத்துக்கோங்க. இப்ப எப்படியிருக்காரு?"

"பொழைச்சிடுவாரு. ஆனா நினைவு தப்பிக் கிடக்கறாரு. அவர்கிட்ட எதுவும் கேக்க முடியாது."

அவள் மூலையில் மடித்து வைத்திருந்த பழைய உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான்காவதோ ஐந்தாவதோ, நீலக் கோடு போட்ட கெட்டித் துணி. அந்தக் கப்பலின் தலையணை உறை. ஓரத்தில் தீவின் தகர வில்லை அப்படியே தொங்கியது.

"மச்சான் பொய் சொல்லல," என்றான் தகரம் மெதுவாக. "வில்லை இருக்கு."

"இருக்கு."

"அப்ப இது அவிச்ச சாமான். இதுல நோய் இருக்க முடியாது. அப்ப ஆள்தான் வந்திருக்கணும். அப்ப மச்சான்…" அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவள் உறையை உள்பக்கமாகத் திருப்பினாள். ஒரு மூலையில் தையல் விரல் நுழைகிற அளவு பிரிந்திருந்தது. அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கீற்றுகள். தலையணைக்குள்ளேயே யாரோ கிறுக்கியது மாதிரி. அவள் தரையில் உட்கார்ந்து, வில்லுக்கு அடியில் குவிந்திருந்த கழிவுப் பஞ்சைக் குச்சியால் கிளறினாள். குச்சி எதையோ தட்டியது. சின்னதாக ஒரு சிவப்பு கிரேயான் உருண்டு வந்தது. மெழுகில் செய்தது, பிள்ளைகள் படம் வரைவது.

"கேஸ்ல இப்பதான் கொஞ்சம் கலர் சேந்திருக்கு," என்றான் தகரம். "மெத்தைக்காரருக்குப் பிள்ளைங்க கிடையாதே?"

"இது கப்பல்ல வந்த பிள்ளையோடது. தையலப் பிரிச்சு உள்ள ஒளிச்சு வச்சிருக்கு."

யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று நினைத்திருக்கும். தீவில் இறங்கியதும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். தலையணை உரியவரிடம் திரும்பிப் போகாமல் இங்கே வந்திருக்கிறது என்றால் அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்பதை அவள் யோசிக்க வேண்டியதில்லை. இருந்தும் யோசித்தாள். கையில் அந்தச் சின்னத் துண்டு கனத்தது.

"தகரம், இத அடுப்புகிட்ட வச்சா என்ன ஆகும்?"

"உருகி ஓடிடும்."

"கொதிக்கிற ஆவியில வச்சா?"

"அதே கதிதான்." சொல்லிவிட்டு நிறுத்தினான். கைக்குட்டையை மூக்கிலிருந்து இறக்கினான். "மேடம்… முனை கூட மழுங்கலையே."

"மழுங்கல. இந்தத் தலையணை ஆவியப் பாக்கவே இல்ல. ஆனா வில்லை மட்டும் கட்டியிருக்கு."

தூரத்தில் மாலைக் கப்பல் முதல் சங்கை ஊதியது.

*

தீவின் படகுத்துறையில் பெரிய டாக்டரே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் அவர்கள் காலை நனைத்து ஏறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னோட வில்லையச் சந்தேகப்படறீங்கன்னு போன்ல சொன்னீங்க," என்றார் பிறகு.

"இழுத்துப் பாக்க வந்திருக்கேன் டாக்டர்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. ஆவிக்கூண்டப் பாக்கணும்."

வழியெல்லாம் சுவரில் விதிகள். இங்கே துப்பாதே. இந்தக் கோட்டைத் தாண்டாதே. கை கழுவு. எல்லாம் டாக்டர் எழுதச் சொன்னவை. கறுப்புச் சாயத்தில், ஒரே அளவு எழுத்தில். சமையல்கட்டின் நிலைக்கு மேலே சாயம் கொஞ்சம் புதிதாக இருந்தது: சமைக்காத எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது.

"இங்க மனுஷங்களும் வெந்த பிறகுதான் வெளிய வர முடியும் போல," என்று தகரம் அவள் காதில் முணுமுணுத்தான்.

டாக்டருக்குக் காது கூர்மை. "கப்பல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இங்க பாதிப் பேருக்கு வயித்துப்போக்கு. நான் அந்த விதியப் போட்டேன். அதோட நின்னுபோச்சு. விதிய மதிச்சா உயிர் பிழைக்கும் தம்பி. உங்க மச்சான் மதிக்கல."

தகரத்தின் முகம் இறுகியது. அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஆவிக்கூண்டு என்பது ஆள் நின்று நடக்கக்கூடிய பெரிய இரும்பு உருளை. கனத்த கதவு. பின்னால் கொதிகலன். அதைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி, கை நிறையத் தீக்காய வடுக்கள் உள்ள, சிரித்த முகத்துக்காரர். அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கம்மா. உங்களுக்கு ஒரு நடை ஓட்டிக் காட்டணுமாம். தாராளமா."

"ஆஸ்பத்திரியோட சுத்தமான மெத்தைங்கள வச்சே செய்யுங்க. ஆனா கப்பல் சாமான எப்படி அடுக்கினீங்களோ, அதே மாதிரி அடுக்கணும்."

மெத்தைகளைச் சுருட்டி, கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகக் காலால் அழுத்தி ஏற்றினார்கள். இடுக்கில் கை நுழையவில்லை.

"இவ்வளவு நெருக்கமாவா?" என்றாள்.

"முதல்ல எல்லாம் தளர்த்தியாத்தான் வைப்போம். கப்பல் சாமான் மலை மாதிரி வந்துச்சு. கொஞ்சம் கூட்டிப் பாத்தோம், முட்டை வெந்துது. இன்னும் கொஞ்சம் கூட்டினோம், அப்பவும் வெந்துது." பெருமையாகக் கூண்டைத் தட்டினார். "நல்ல கூண்டும்மா இது."

"முட்டையா?" என்றான் தகரம்.

"அதுதானே தம்பி இங்க நீதிபதி! மூட்டையோட நட்ட நடுவுல ஒரு பச்சை முட்டை வைப்போம். கதவச் சாத்தி ஆவி விட்டு எடுத்தா அது வெந்திருக்கணும். வேகலன்னா வில்லை கிடையாது. சூடு நடு வரைக்கும் போச்சான்னு வேற எப்படித் தெரியும்? வெளித்துணி கொதிக்கும், உள்ள குளுகுளுன்னு இருக்கும்."

"முட்டை பார்க்காம ஒரு வில்லை கூட இங்கேருந்து போகாது," என்றார் டாக்டர்.

மேஸ்திரி ஒரு சின்னக் கூடையிலிருந்து முட்டையை எடுத்து, நடு மெத்தையைப் பிரித்து உள்ளே வைத்தார். "நான் பாக்கலாமா?" என்று அவள் குனிந்தாள். குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த கிரேயானை முட்டைக்குப் பக்கத்தில் நழுவ விட்டாள். அதைத் தகரம் மட்டும் பார்த்தான்.

கதவு மூடியது. ஆவி சீறத் தொடங்கியது.

காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலைதான். ஆனால் இன்று நெஞ்சுக்குள் ஏதோ கூடவே சீறியது. கிரேயான் உருகிவிட்டால், மேஸ்திரி வேண்டுமென்றே அவிக்காமல் வில்லை கட்டியிருக்கிறார் என்று ஆகும். சிரித்த முகத்தோடு நாற்காலி துடைத்துப் போட்டவர். உருகாவிட்டால், அதை விட மோசம்; கூண்டுக்குள் போன எதுவுமே அவியவில்லை என்று ஆகும். எது நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்று தன்னையே கேட்டாள். 

தகரம் கரையைப் பார்த்து நின்றான். கப்பலின் புகைபோக்கியில் புகை கனத்துக்கொண்டிருந்தது.

"மேடம், அங்க அடுப்பு மூட்டிட்டாங்க."

"தெரியுது."

கதவைத் திறந்தார்கள். வெளி மெத்தைகள் தொட முடியாமல் கொதித்தன. மேஸ்திரி கொக்கியால் இழுத்து நடுக்கட்டைப் பிரித்து, முட்டையை மரக்கரண்டியில் எடுத்து, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் போட்டார்.

"ஏன் தண்ணியில?"

"சுடுமேம்மா. ஒரு தடவை விரல் வெந்துபோச்சு. அப்புறம் எப்பவும் இப்படித்தான்."

ஓட்டைத் தட்டி உரித்தார். வெள்ளையாக, வழவழவென்று, முழுசாக வெந்த முட்டை.

"பாத்துக்கோங்க," என்றார் பெரிய டாக்டர். திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். "உங்க உதவியாளர் பாவம். சொந்தக்காரங்க மேல பாசம் இருக்கத்தான் செய்யும். கப்பலுக்கு நேரமாச்சு."

"டாக்டர்."

அவள் இரண்டு கையையும் நடு மெத்தையின் மடிப்புக்குள் விட்டிருந்தாள். முழங்கை வரைக்கும். சுடவில்லை. வெதுவெதுப்பாகக் கூட இல்லை. கையை வெளியே எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் சிவப்பு கிரேயான், போன மாதிரியே, முனையோடு.

 கொதிகலனில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

"இது முட்டைக்குப் பக்கத்துலயே இருந்தது," என்றாள்.

மேஸ்திரி கையிலிருந்த முட்டையைப் பார்த்தார். கிரேயானைப் பார்த்தார். மறுபடி முட்டையைப் பார்த்தார். "அது எப்படிம்மா… மெழுகு உருகாத இடத்துல முட்டை எப்படி வேகும்?"

"முட்டைக்கு மட்டும் உள்ள தனியா அடுப்பு வச்சிருக்கா?" என்றான் தகரம். ஆனால் அவன் குரலில் விளையாட்டு இல்லை.

அவள் கூடையை இழுத்தாள். அடுத்த நடைகளுக்காக வைத்திருந்த முட்டைகள். ஒன்றை எடுத்துப் பலகை மேல் வைத்து விரல்களால் சுழற்றினாள். முட்டை பம்பரம் மாதிரி நிமிர்ந்து, விடாமல் சுற்றியது.

"பச்சை முட்டை இப்படிச் சுத்தாது," என்றாள். "தள்ளாடி நின்னுடும். உள்ள இருக்கறது கூடவே வராது."

இரண்டாவது முட்டை. சுற்றியது. மூன்றாவதை டாக்டரே வந்து எடுத்தார். அவர் விரல் சரியாகப் பிடிக்கவில்லை. இருந்தும் அது சுற்றியது. அது ஓயும் வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதெல்லாம் எங்கேருந்து வருது?" என்றாள்.

"சமையல்கட்டுலேருந்து," என்றார் மேஸ்திரி.

*

சமையல்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். இத்தனை பேர் வாசலில் நிற்பதைப் பார்த்து மிரண்டுபோனாள்.

"ஆவிக்கூண்டுக்கு முட்டை எப்படிம்மா அனுப்புவீங்க?" என்று ஆய்வாளர் கேட்டாள். குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துக்கொண்டாள்.

"கூடையிலதான்."

"பச்சையாவா?"

"முன்னாடி பச்சையாத்தான் அனுப்புவேன்." அவள் நிலைக்கு மேலே இருந்த எழுத்தைக் காட்டினாள். "ஐயாதானே சமைக்காத எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு சொன்னாரு? அதுலேருந்து வேகவச்சுத்தான் அனுப்பறேன். அவங்க சாப்பிடத்தானே கேக்கறாங்க? ஓடு கிடந்ததப் பாத்திருக்கேனே."

மேஸ்திரி தலையைக் குனிந்தார். சோதனை முடிந்த முட்டையை உப்புத் தொட்டுத் தின்பது அந்தக் கூண்டின் பழைய வழக்கம்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

அந்தக் கேள்வி யாரைப் பார்த்தும் கேட்கப்படவில்லை. ஆனால் எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். ஆய்வாளர் மட்டும் பார்க்கவில்லை. சரியாக இருந்த ஒரு விதியால் இப்படி ஆன மனிதரின் முகத்தை அந்த நேரத்தில் பார்ப்பது, பூட்டாத அறைக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி.

"இல்லம்மா," என்றார் டாக்டர். "நான் சொன்னதத்தான் செஞ்சீங்க." பிறகு, வேறு குரலில்: "அப்ப… அந்தக் கப்பல்லேருந்து வில்லை கட்டிப் போன சாமான் ஒண்ணக் கூட நம்ப முடியாது."

"இல்ல. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வரணும். பயணிங்க அம்மை குத்திக்கிட்டுப் போனவங்க; அவங்களுக்கு ஆபத்து கம்மி. முதல்ல, அந்தத் தலையணை." மேஸ்திரியிடம் திரும்பினாள். "யாரும் கேட்டு வராத சாமான். நீங்கதான் படகோட்டிக்குக் குடுத்தீங்க, இல்லையா?"

மேஸ்திரியின் கண் கலங்கியிருந்தது. "வெளிய குடுக்கக் கூடாதுன்னு தெரியும்மா. நல்ல பஞ்சு. வில்லை கட்டினதுதானேன்னு… என் பேரச் சொன்னா வேலை போயிடும்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேன். இப்படி மாட்டுவான்னு நினைக்கல. நேத்தே வந்து சொல்லியிருக்கணும்."

"கடையில உறை மட்டும்தான் இருந்துது. பஞ்சு இல்ல. எதுக்குன்னு சொல்லி வாங்கினான்?"

"குழந்தை பொறக்கப் போகுது, சின்னதா ஒரு மெத்தை தைக்கணும்னான்."

அவளுக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை. தகரம் இருக்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதியை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. திரும்பினாள்.

"அந்த மெத்தைய," என்றான் அவன், "நான்தான் மேடம் தலையில வச்சுத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

*

டாக்டர் தன்னுடைய விசைப்படகைக் கொடுத்தார். படகோட்டியை விடுவிக்கும் உத்தரவைக் காவல் நிலையத்துக்குத் தானே போனில் சொன்னார்; வாசலில் நிற்கும் கூட்டத்திடமும் காரணத்தைச் சொல்லச் சொன்னார். 'என் பிழை' என்று அவர் சொன்னது படகுத்துறை வரை கேட்டது.

கரை வரும் வரை தகரம் படகின் முனையில் நின்றான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. அவள் மடியில் அம்மை குத்தும் பெட்டி. நோய் தொற்றிய சில நாட்களுக்குள் குத்திவிட்டால் தடுத்துவிடலாம். குழந்தை பிறந்து ஒரே நாள்தான். நேரம் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் பிள்ளை அந்தப் பஞ்சில் முகம் புதைத்துப் படுத்திருந்தால், இருக்கிற நேரம் எவ்வளவுக்குப் போதும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கயிற்றுத் தெருவில் அவன் ஓடினான். அவள் பெட்டியோடு பின்னால் ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளியதும் திறந்தது. உள்ளே ஒரே அறை. ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டில் மேல் பூப்போட்ட உறையோடு அந்தச் சின்ன மெத்தை விரித்திருந்தது. அதன் நடுவில் ஒரு பள்ளம். ஏதோ ஒன்று நெடுநேரம் படுத்திருந்து எழுந்த பள்ளம்.

தகரம் தங்கையைக் கூப்பிட்டான்.

"யாரு? அண்ணாவா?" அடுப்புப் பக்கத்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். தோளில் பழம்புடவைச் சுருட்டு. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன முஷ்டி. "கதவ மெதுவாத் திறக்கக் கூடாதா? இப்பதான் தூங்கினா. அவரு வந்துட்டாரா?"

"குழந்தைய இதுல படுக்க வச்சீங்களா?" ஆய்வாளரின் விரல் மெத்தையைக் காட்டியது. "ஒரு தடவையாவது?"

"இல்ல மேடம். அவரு ஆசை ஆசையாத் தைக்கக் குடுத்தது. அவரு வந்து தன் கையால முதல்ல படுக்க வைக்கட்டும்னு இருக்கேன். அதுவரைக்கும் என் மேலதான்." பள்ளத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். "இந்தப் பூனைதான் விடமாட்டேங்குது. காலையிலேருந்து அதுல படுத்து உருண்டுட்டு இருக்கு. இப்பதான் விரட்டினேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை வெளியே வந்து, எல்லோரையும் பார்த்துவிட்டுச் சோம்பல் முறித்தது.

தகரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது.

"என்ன அண்ணா? ஏன் பேச மாட்டேங்கறே?"

கையை எடுத்தான். "மேடம்," என்றான். "பூனைக்கும் அம்மை குத்தணுமா?"

"தேவையில்ல. குளிப்பாட்டினா போதும்."

"அதுக்கு நான் மறுபடியும் தீவுக்கே போயிடறேன்."

தங்கையைக் கை கழுவ வைத்து, அவளுக்கும் குழந்தைக்கும் அம்மை குத்தினாள். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய கோபம். தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்துக்குள்தான் தெருமுனையிலிருந்து யாரோ ஓடி வரும் காலடி கேட்டது.

தகரம் எழுந்து வாசலை மறித்து நின்றான். "மச்சான், அங்கேயே நில்லு. முதல்ல கை கால் கழுவு. அப்புறம்தான் மகாராணிய தரிசிக்கலாம்."

அவள் மெத்தையைச் சாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கமாகக் கடற்கரைக்கு இறங்கினாள். நாளையிலிருந்து பயணிகள் போன ஊர்களுக்கெல்லாம் தந்தி அடிக்க வேண்டும், வில்லை கட்டிய ஒவ்வொரு மூட்டையையும் தேட வேண்டும். இன்றைக்கு இது ஒன்றுதான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தாள். பஞ்சு குபீரென்று பிடித்தது.

பையில் கைவிட்டாள். கிரேயான் இருந்தது. தொட்ட பொருள், வைத்துக்கொள்ளக் கூடாது. அதைத் தையலுக்குள் அவ்வளவு கவனமாகத் தள்ளிய விரல் எத்தனை சிறியதாக இருந்திருக்கும் என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். மாலைக் கப்பல் சங்கு ஊதிக் கிளம்பியது. அதில் ஏற்ற வேண்டிய ஆள் மேலே வீட்டில் தன் மகளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தான்.

கிரேயானைத் தீயில் போட்டாள். நெருப்புக்கு நடுவில் அது ஒரு கணம் முனை மழுங்காமல் நின்றது. பிறகு சிவப்பாக ஒரு சொட்டு இறங்கியது.

முழுவதும் உருகும் வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.